சுவரைப் பார்க்கும் மரியாதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் நீளம். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் எனக்கு வைத்திருக்கும் பெயரே வாயாடி. ஃப்ரேம் வாங்க வருகிறவரிடம், "இது வேணாம் சார், மூஞ்சி பூட்டின கேட் மாதிரி ஆயிடும்" என்று நேருக்கு நேராகச் சொல்வேன். கோபித்துக்கொண்டு போகிறவர் மறுநாள் திரும்பி வந்து என்னிடமே வாங்கிக்கொண்டு போவார். ஆனால் நம்பிச் சொன்ன விஷயத்தை நான் வெளியே விட்டது கிடையாது. அதைப் பவரக்காவே ஒரு நாள் சந்தேகப்பட்டாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

பவரக்கா எங்கள் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்திக்கொண்டிருந்தவள். கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். கண்ணாடி அலமாரி, விளக்கு, ஏசி, நடுவில் நான். ஒரு பலகைத் தடுப்பைத் தாண்டினால் வேறு உலகம். சாணை மெஷின், அதன் மேல் ஓயாமல் சொட்டும் தண்ணீர்க் குழாய், மாவு சலித்த இடம் போல வெள்ளைத் தூள் படிந்த மேசை, டப்பா டப்பாவாகப் பொடித் திருகாணிகள். அங்கே அக்கா வைத்ததுதான் சட்டம். "அக்கா, இவருக்குப் பவர் என்ன? அக்கா, பவர் சரியா?" என்று நாங்கள் நாளெல்லாம் கத்திக் கத்தியே அவள் பவரக்கா ஆனாள். கடையைப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தாளாம். பெருக்கிக்கொண்டே பார்த்து, பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டு, அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பழைய கண்ணாடிக் கூடு இருக்கும். உள்ளே கண்ணாடி இருக்காது, ஒரு பென் டிரைவ் இருக்கும். லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி வைத்திருப்பாள். நான் சேர்ந்த புதிதில், "என்னக்கா இது, யாரோட கண்ணு?" என்று வாயைக் கிளறினேன்.

"என் தம்பியோடது."

"உள்ள என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? பூட்டியிருக்கே."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பழகிய பிறகுதான் அது உண்மை என்று புரிந்தது.

அந்தக் குடும்பத்தின் கதை அப்படி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்கா வளர்ந்த பிள்ளையாகவும் தம்பி சிறு பையனாகவும் இருந்தபோது அம்மாவும் போய்விட்டாள். சாவதற்கு முன் அம்மாவுக்கு மனசு சரியில்லாமல் போய், கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளெல்லாம் வீட்டில் ஒரு தகரப்பெட்டியில் கிடந்தன. ஏதோ சான்றிதழ் தேடுகிறேன் என்று பெட்டியைக் குடைந்த சித்தப்பா, அந்தச் சீட்டை எடுத்து, கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் சத்தமாகப் படித்தார். மறுநாளே தெருப் பிள்ளைகள் தம்பியைப் பார்த்து, "உங்கம்மா பைத்தியமாமே" என்றார்கள். பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள். அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு, அழுதுகொண்டு வந்து நின்றான். அதற்குப் பிறகு வந்த மழையில் கூரை ஒழுகி, மிச்சமிருந்த காகிதங்களெல்லாம் ஒட்டிக் கூழாகின. தம்பியின் பிறப்புச் சான்றிதழுக்காக அக்கா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

காகிதம் அழியவும் கூடாது, அடுத்தவன் கண்ணில் படவும் கூடாது. இரண்டும் அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டன. கடைக்குக் கம்ப்யூட்டர் போட வந்தவரிடம் கேட்டு, பென் டிரைவுக்குப் பூட்டுப் போடக் கற்றுக்கொண்டாள். பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்தால் உள்ளே இருப்பது வெறும் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும் என்று அவர் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நெட்டில் ஏற்றி வைத்தால் இன்னும் சுலபம் என்று நான் சொன்னபோது, "ஊரான் மொட்டைமாடியில துணி காயப் போடறவ நான் இல்லம்மா" என்றாள்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தாள். வேறெந்தக் குடும்பத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. அக்காவின் காகிதங்கள் இருக்கும் டிரைவ் தம்பி வீட்டில். தம்பியின் டிரைவ் அக்காவிடம். டிரைவ் வைத்திருப்பவருக்குப் பாஸ்வேர்ட் தெரியாது. பாஸ்வேர்ட் தெரிந்தவரிடம் டிரைவ் இருக்காது. ஒரு வீடு தீப்பிடித்தாலும் அந்த வீட்டுக்காரரின் காகிதம் இன்னொரு வீட்டில் பிழைத்துக்கிடக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அக்கா தம்பி வீட்டுக்குப் போவாள். அவரவர் டிரைவை அவரவர் திறந்து, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்த்து, புதிய காகிதங்களைச் சேர்த்து மூடுவார்கள். ஒருவர் பாஸ்வேர்ட் தட்டும்போது இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். என்னையும் சேர்த்துத் திருப்பி உட்காரவைத்தார்கள்! சுவரில் ஒரு கடிகாரமும் ஒரு பல்லியும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதே. இதுதான் எங்க வீட்டு மரியாதை" என்றாள் அக்கா.

தம்பியைப் படிக்கவைத்தாள். அவன் நல்ல வேலையில் உட்கார்ந்தான், கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. தன் கல்யாணத்தை முதலில் அக்கா தள்ளிப்போட்டாள், பிறகு அது தானாகவே தள்ளிப்போய்விட்டது. கேட்டால், "எனக்கென்ன குறைச்சல்? என் வீடு, என் சாவி" என்பாள். வாடகை வீடுதான். ஒற்றை அறை, குழாயடி, ஜன்னலோரம் ஒரு கட்டில். ஆனால் அந்தச் சாவியைக் கதவில் திருகும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணில் கோளாறு என்று தெரிந்தபோது கடையில் அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். இல்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். திறந்து கிடந்த இழுப்பறையில் இடது தொடையை அடிக்கடி இடித்துக்கொண்டாள். "என்னக்கா, பக்கத்துல இருக்கறது தெரியலையா?" என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும் நோயாம். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வெட்டிய லென்ஸ் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை.

ஆனால் முதலாளி காதுக்கு இது போனால் கதை முடிந்தது. எங்கள் கடையில் உடைந்த ஃப்ரேம்களை ஒட்டிச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குக் கை லேசாக நடுங்கியபோது, முதலாளி ரொம்ப அன்பாகப் பேசி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பியதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வேலை போனால் வாடகை போகும். வாடகை போனால் அந்தச் சாவி போகும். அப்புறம் தம்பி வீட்டு மூலை ஒன்றுதான் அவளுக்குக் கதி. அதற்குத்தான் அவள் பயந்தாள்.

அவள் வீட்டுக்காரம்மா எதையும் குடைகிற ரகம். அதனால் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வீட்டில் வைக்க முடியாது. முதலாளி மதியம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, கடை ஸ்கேனரில் நான்தான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அவள் போனில் ஏற்றிக் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் இருந்து அழித்துவிட்டு, அழித்தேனா என்று இரண்டு பேரும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். காகிதத்தை அவள் பொடிப்பொடியாகக் கிழித்து லென்ஸ் தூளோடு கலந்து குப்பையில் போடுவாள். வருஷம் வரும்போது அதெல்லாம் போனிலிருந்து தம்பி வீட்டில் இருக்கும் டிரைவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கண் விஷயம் தம்பிக்கும் தெரியும்.

தெரிந்ததிலிருந்து அவன் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தான். "வேலையை விட்டுட்டு எங்களோட வந்துடுக்கா. ராணி மாதிரி வெச்சுப் பாத்துக்கறேன்."

"ராணிக்கு லீவு உண்டாடா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்பாள். அவன் மனைவி திரும்ப வேலைக்குப் போகவேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்த விஷயம். அக்கா பிடி கொடுக்கவில்லை. குழந்தைக்கு வாத்துப் படம் போட்ட மஞ்சள் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

இந்த வருஷம் அவள் தம்பி வீட்டுக்குப் போகவேண்டிய நாளும் கண் பரிசோதனை நாளும் ஒன்றாக வந்தன. கண்ணுக்குள் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் மருந்து விட்டிருந்தார்கள். அதை விட்டால் கண்ணின் பாப்பா விரிந்துபோய், கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கிவிடும். அந்தக் கண்ணோடு புதிய ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராகத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுத்த நாள் கடையில் நடந்ததைச் சொன்னாள்.

"கீபோர்டே தெரியலடி. எல்லா எழுத்தும் ஒண்ணா ஓடுது. அவன்தான், விடுக்கா நான் தட்டறேன், நீ சொல்லுன்னான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லிட்டீங்களா?"

"ரிப்போர்ட்டையும் அவனே போன்ல படம் எடுத்து உள்ள போட்டான். என்னடி முழிக்கறே? தம்பிதானே."

"தம்பியோ தாத்தாவோ, உடனே போய் பாஸ்வேர்டை மாத்துங்க! நீங்க போட்ட சட்டம்தானே அது?"

அவள் சாணை மெஷினை நிறுத்தினாள். "மாத்தணும்னா அவன் வீட்டுக்குப் போயி, அந்த டிரைவை எடுடான்னு கேட்டு, அவன் கம்ப்யூட்டர்லயே சொருகி மாத்தணும். ஏன்க்கா, என்னை நம்பலையான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நான் தூக்கி வளத்த புள்ளடி அவன்." மெஷினை மறுபடி போட்டுவிட்டாள். அதற்கு மேல் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

சில வாரம் போனது. ஒரு நாள் காலையில் முதலாளி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. நேராக என்னிடம் வந்தாள். நான் ஒரு அம்மாவுக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி சொன்னே?"

"என்னத்தக்கா சொன்னேன்?"

"என் ரிப்போர்ட் மொத்தமும் அவர் மேசை மேல கிடக்கு. நம்ம மெஷின்ல நீ ஸ்கேன் பண்ணது. உன்னைத் தவிர யாருகிட்ட இருந்தது அது? வாயாடின்னு தெரிஞ்சும் உன்கிட்ட கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்."

அத்தனை பேர் முன்னால். அந்த அம்மா ஃப்ரேமைக் கழற்றி வைத்துவிட்டு நைசாக நகர்ந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை மதியம் சோற்றை ஆறவிட்டுவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இவளுக்காக ஸ்கேன் செய்திருக்கிறேன்! அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். ஃப்ரேமைக் கவுன்டரில் வைத்துவிட்டு விறுவிறுவென்று முதலாளி அறைக்குள் நுழைந்தேன்.

"சார், அந்தப் பேப்பரை நான் பாக்கணும்."

"உனக்கெதுக்கும்மா? யாரு கொடுத்தாங்கன்னு கேக்காதே, நான் சொல்ல மாட்டேன். நல்ல மனசோட வந்து டிரைவ்ல கொடுத்தாங்க, நான் பிரின்ட் போட்டேன். அவங்களை நான் துரத்தல. மரியாதையா ஓய்வு எடுத்துக்கச் சொன்னேன்."

நான் காத்திருக்கவில்லை. மேசையில் கிடந்த தாள்களைச் சீட்டுக்கட்டு போல விரித்தேன். எல்லாம் நான் ஸ்கேன் செய்ததுதான். எங்கள் ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. ஒவ்வொரு தாளிலும் அது மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடாக விழுந்திருந்தது. ஒரு நிமிஷம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். கடைசித் தாளைப் புரட்டினேன். அதில் கோடு இல்லை. அது ஸ்கேன் இல்லை, போனில் எடுத்த படம். சாப்பாட்டு மேசை மேல் வைத்து எடுத்திருந்தார்கள். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு தெரிந்தது. இடது ஓரத்தில் பாதி அறுபட்டு ஒரு மஞ்சள் தட்டு. தட்டில் வாத்து.

"அக்கா! இங்க வாங்க!"

வாசலிலேயே நின்றாள். தாளைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் நடுவில் இருந்த எழுத்தைத்தான் பார்த்தாள். நான் விரலை ஓரத்தில் வைத்ததும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எந்த வீட்டு மேசைக்கா? இந்தத் தட்டை வாங்கிக் கொடுத்தது யாரு? இது என் மெஷின்ல போட்டதா?"

அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, "வா" என்றாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. என் கடுப்பு என்னோடு இருக்க, நானும் போனேன்.

பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு தடவை, "ஒருவேளை அவன் போனை யாராவது எடுத்திருப்பாங்களோ?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதும் அவனுக்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள், பாருங்கள். எனக்கு ஒரு வழியும் தேடவில்லை.

தம்பி அன்று வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். அதே பூப்போட்ட விரிப்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அக்கா இடுப்பிலிருந்து தாளை எடுத்து விரித்து, மேசையில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

"நீதானா?"

அவன் தட்டைப் பார்த்தான். மறுக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டான். "உன் நல்லதுக்குத்தான்க்கா. அந்த மெஷின்ல கையை விட்டுக்கிட்டா என்ன பண்றது? எத்தனை தடவை சொன்னேன், நீ கேக்கவே இல்லையே."

"கேக்கலைன்னா?"

"அவரே வேலையை விட்டு நிறுத்தினா நீ வந்துதானே ஆகணும்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அடப்பாவி! சோறு போட்ட கையை—" என்று ஆரம்பித்தேன். அக்கா கையைத் தூக்கினாள். வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் அபூர்வமாக நடக்கிற விஷயம் அது.

உள்ளேயிருந்து அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் தெரியாமல் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணி! இன்னிக்கே வந்துட்டீங்களா? பின்னாடி ரூமை ஒழிச்சுத் தொடச்சு வெச்சுட்டேன். நீங்களா வேலையை விடறேன்னு சொன்னீங்களாமே, இவர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு."

"நானா சொன்னேன்னு சொன்னானா?" என்றாள் அக்கா.

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குரல் உயரவே இல்லை. "அம்மா சீட்டைச் சித்தப்பா எல்லார் முன்னாடியும் படிச்சாரே, ஞாபகம் இருக்கா? சட்டையைக் கிழிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு வந்தே. என்கிட்ட என்ன கேட்டே?"

அவன் மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டினான்.

"இதையெல்லாம் யாரும் படிக்க முடியாத மாதிரி பூட்டி வைக்க முடியாதாக்கான்னு கேட்டே. உனக்காகத்தாண்டா நான் இந்தப் பூட்டையே கத்துக்கிட்டேன். என் சீட்டை நீ போயி ஊரான் மேசையில விரிச்சுட்டு வந்திருக்கே. சித்தப்பாவாவது தெரியாத்தனமா பெட்டியைத் திறந்தாரு. நீ நான் சொன்ன சாவியைப் போட்டுத் திறந்தே."

"அக்கா, தப்புதான்... அவர்கிட்ட நான் போய்ப் பேசறேன்..."

"என் டிரைவை எடுத்துட்டு வா."

அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து வைத்தான். அவள் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். துணியைப் பிரித்து, அவனுடைய டிரைவை எடுத்து, அவன் லேப்டாப்பில் சொருகினாள். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வந்தது. நான் பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பப் போனேன்.

"நீ திரும்ப வேணாம். யாரும் திரும்ப வேணாம்" என்றாள்.

"அக்கா, அது என்னோடது" என்றான் தம்பி.

அக்கா நிதானமாகத் தட்டினாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பூட்டு திறந்துகொண்டது. திரையில் ஒரே ஒரு ஃபோல்டர்.

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தட்டும்போது முணுமுணுப்பேடா. சின்ன வயசுல வாய்ப்பாடு எழுதறப்பவும் அப்படித்தான், வாய் தானா சொல்லிக்கிட்டே போகும். முகத்தைத் திருப்பிக்கலாம், காதை எங்க திருப்பறது? முதல் வருஷமே எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா இந்த டிரைவ் என் பையிலதான் இருக்கு. கடையில கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு நாள்கூட நான் சொருகினதில்ல."

அவன் கை நீண்டு லேப்டாப்பைச் சட்டென்று மூடியது. அவன் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அவன் மூடிய லேப்டாப் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

அக்கா டிரைவைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். பாஸ்வேர்டை மட்டும் மாத்திக்கோ. அது எனக்குத் தெரியும்." குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, அது தெரியாமலே படியிறங்கினாள்.

அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கும் இன்று வரை தெரியாது. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி மனைவி ஒரு தடவை கடைக்குப் போன் செய்து, அண்ணி எங்கே என்று கேட்டாள். அவளாவது உண்மையைத் தெரிந்துகொண்டாளா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை.

முதலாளி மனசு மாறவில்லை. அக்காவுக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாள் அலைந்துவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தாள். முதல் நாளே ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிரின்ட் போட்டு, அந்த முதலாளியம்மா மேசையில் அவளே பரப்பிவிட்டாளாம். "இதான் என் கண்ணு. இஷ்டம்னா வெச்சுக்கங்க" என்றாளாம். அவர்கள் வைத்துக்கொண்டார்கள். சம்பளம் குறைவு, பஸ் தூரம். ஆனால் அந்த வாடகை வீட்டின் சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

என்னிடம் ஒரு நாள், "உன்னைப் போயி சந்தேகப்பட்டேனே, மன்னிச்சுக்கோடி" என்றாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லாமல் இல்லை. அத்தனை ஆதாரம் கண்முன்னால் வந்தும் தம்பிக்கு ஒரு சந்தேகத்தின் பலனைக் கொடுத்தவள், என்னிடம் நீதானா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது உள்ளே கிடந்து அறுக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மனசு கேட்காமல் போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கூடு ஜன்னலோரம் இருந்தது. அதில் இப்போது அவளுடைய டிரைவ். பக்கத்திலேயே, ஒரு பிளாஸ்டிக் உறையில், அதே ரிப்போர்ட்டுகளின் காகிதங்கள்.

"என்னக்கா இது? ரெண்டும் ஒரே இடத்துல! நீங்க போட்ட சட்டம் என்ன ஆச்சு? கொடுங்க, என் வீட்டுல வெச்சுக்கறேன். பாஸ்வேர்ட் சொல்ல வேணாம்."

"வேணாம்டி."

"இங்க தீப்பிடிச்சா?"

கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்காக முகத்தை அண்ணாந்தபடியே பதில் சொன்னாள்.

"பிடிச்சா எரியட்டும். எரிஞ்சுபோனா யாரும் எடுத்துக்கிட்டுப் போயி யாருகிட்டயும் காட்ட முடியாதில்ல?"